சத்தம் போடுங்க, பாடம் நடக்குது!

நரிக்கு மூக்கு ஒட்டவில்லை! மணி அடிக்கப் பத்து நிமிஷம்கூட இல்லை. டீச்சரின் விரல் பூராவும் ஃபெவிகால், வாயில் இரண்டு ஹேர்பின், மடியில் அட்டையில் வெட்டிய நரி முகமூடி. மூக்காக வரவேண்டிய கறுப்பு பாட்டில் மூடி மேசைக்கு அடியில் எங்கோ உருண்டுவிட்டது. காக்கா ரெடி, மரம் ரெடி, வடையும் ரெடி. வடை மட்டும் நிஜ வடை. காலை உணவுத் திட்டத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த ஒரு பொடியன் அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதை முடியும்வரை அந்த வடைக்கு ஆயுள் கெட்டியா என்பது சந்தேகம்தான்.

"நான் தேடித் தரேன் டீச்சர்" என்று ஒரு வாண்டு மேசைக்கு அடியில் புகுந்து மூடியைப் பிடிக்கிறாள். கூடவே எப்போதோ தொலைந்துபோன இரண்டு ஸ்கெட்ச் பேனாக்களும் வெளியே வருகின்றன. அடேங்கப்பா, சினிமா கிரீன் ரூமெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும்!

இடம், திருத்தணிக்குப் பக்கம் ஆர்.கே.பேட்டை ஒன்றியத்தில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம், டீச்சர் கூச்சப்படுவார். ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற முழுப் பெயரை பஸ் கண்டக்டர்கூடச் சொல்ல மெனக்கெடுவதில்லை, ஆர்.கே.பேட்டைதான். கொஞ்ச தூரம் போனால் ஆந்திர எல்லை. இந்தப் பக்கம் அம்மையார்குப்பம், அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று எங்கே திரும்பினாலும் தறிச் சத்தம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இரண்டும் கலந்த ஒரு கூச்சல். விசைத்தறியின் சத்தத்திலேயே வளரும் பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேசும் வழக்கமே கிடையாது என்கிறார் டீச்சர். நல்ல வேளை! இப்போதைய வகுப்பறைக்கு மெதுவாகப் பேசுகிற பிள்ளை தேவையில்லை.

சரி, மணி அடிப்பதற்குள் அந்த மர அலமாரியைத் திறந்து பார்த்துவிடுவோம். டீச்சர் பார்க்கவில்லை, வாருங்கள்! மேல் தட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள். பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் எழுத்து அட்டை செய்ய இதைவிட நல்ல சரக்கு காசு கொடுத்தாலும் கிடைக்காது. அடுத்த தட்டில் முட்டை அட்டைகள், குழிக்குள் எண் எழுதியவை. பாட்டில் மூடிகளில் அ, ஆ, இ, ஈ. கை நுழைத்து ஆட்டும் பாவைகளாக மாறிவிட்ட பழைய சாக்ஸ்கள். ஒன்று யானையாம், நம்பித்தான் ஆக வேண்டும். கீழ்த் தட்டில் இந்த ஊர் ஸ்பெஷல்: தறிக்கொட்டகையிலிருந்து வந்த காலி நூல் கோன்கள். அடுக்கினால் கோபுரம், எண்ணினால் கணக்கு, காதில் வைத்தால் டெலிபோன், தலையில் கவிழ்த்தால் கோமாளித் தொப்பி. ஒரு டப்பாவில் ஐஸ் குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். கேள்வி கேட்டதும் டீச்சர் கண்ணை மூடி ஒரு குச்சியை உருவுவார். யார் பெயர் வரும் என்று யாருக்கும் தெரியாததால் கடைசி வரிசைத் தூக்கத்துக்கு இங்கே வேலை இல்லை. முதல் வரிசை மேதாவிகளின் ஏகபோகமும் ஒழிந்தது!

இந்தக் கூத்துக்கெல்லாம் சர்க்கார் பெயர் 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை, மறு வருஷம் நான்கும் ஐந்தும் சேர்ந்துகொண்டன. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு விட்டுப்போனதை மீட்பதும், எட்டு வயதுக்குள் எல்லாரையும் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வைப்பதும் நோக்கம். பிள்ளைகளை வயசு பார்த்து உட்கார வைக்காமல், என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருக்கலாம், வெட்கமில்லை, நாளைக்கே மொட்டாகலாம்.

பிள்ளைகள் ஆடுவதற்கு முன்னால் ஆசிரியர்கள் ஆடியாக வேண்டும் என்பதுதான் திரைக்குப் பின்னால் நடக்கிற பெரிய வேடிக்கை. வட்டார வள மையத்தில் பயிற்சி நாள் வந்தால் எட்டிப் பாருங்கள். ஓய்வு பெற ஒரு வருஷமே இருக்கிற தலைமையாசிரியர் காகிதக் காது வைத்துக்கொண்டு முயலாகத் தாவுவார். கண்டிப்புக்குப் பேர்போன கணக்கு சார், கருத்தாளர் சொன்ன பாட்டுக்கு இடுப்பில் கை வைத்துச் சுற்றுவார். யாரோ அதை செல்போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட, அன்று ராத்திரி ஒன்றியம் பூரா அதுதான் பேச்சு! ஆட்டமும் பாட்டும் மட்டுமே பாடமாகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகமூடி போட்டவர் மட்டும் ஆடி, மற்றவர்கள் கை தட்டினால் அது வெறும் ஷோ. பிள்ளையின் கையும் வாயும் மூளையும் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில்தான் படிப்பு ஏறுகிறது. அந்த இடத்தை இரண்டாவது பீரியடில் பார்த்தேன்.

மொட்டுக் குழு. தரையில் பாய். நடுவில் குச்சிகள், பத்துப் பத்தாகக் கட்டினவை, தறியில் மிஞ்சிய கழிவு நூலால் முடிச்சுப் போட்டவை. கணக்கு 42-லிருந்து 17 போக மீதி. ஒரு பையன் நாலு கட்டையும் இரண்டு உதிரிக் குச்சியையும் முன்னால் வைத்துக்கொண்டான். ஏழு எடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. திருதிருவென்று முழித்தான். டீச்சர் முகத்தைப் பார்த்தான். டீச்சர் வாயைத் திறக்கவே இல்லை! எனக்குத்தான் சொல்லிவிட நாக்கு துடித்தது. பக்கத்துப் பெண் கிசுகிசுத்தாள்: "கட்டைப் பிரிடா." அவன் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தான். பொலபொலவென்று பத்துக் குச்சி உதிர்ந்தது. இப்போது பன்னிரண்டு. ஏழை ஒதுக்கினான், அப்புறம் ஒரு முழுக் கட்டையும் ஒதுக்கினான். "இருபத்தஞ்சு!" என்று அவன் போட்ட சத்தத்தில் அரும்புக் குழுவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, அங்கே ஒன்றைக் குறை என்று நம் காலத்தில் மந்திரம் மாதிரி ஒப்பித்தோமே, அந்தக் கடன் எங்கேயிருந்து வருகிறது என்று அவன் கண்ணால் பார்த்துவிட்டான்.

டீச்சர் ஏன் பேசாமல் இருந்தார் என்று இடைவேளையில் கேட்டேன். "மனசுக்குள்ள எண்ணுவேன் சார், ஒண்ணு, ரெண்டு, மூணு. அதுக்குள்ள நாம சொல்லிட்டா பிள்ளைங்க யோசிக்கவே யோசிக்காது" என்றார். 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடி ஆக்கினதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசின. காசு செலவில்லாத வித்தை. ஆனால் சொல்லித்தரவே பிறந்த ஆசிரியருக்கு மூன்று விநாடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று என் நாக்கு எனக்குச் சொன்னது.

இந்த வட்டாரத்தில் இதெல்லாம் திடீரென்று முளைத்ததில்லை. 2007-ல் தமிழ்நாட்டின் முப்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒரே வீச்சில் வந்த செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? அப்போது சின்ன வகுப்பில் படித்தவர்களுக்குச் சொன்னாலே கண் மின்னும். டீச்சர் மேசை காணாமல் போனது. டீச்சரும் பாயில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதி பூராவும் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம், சொந்த இடம்! தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் கிளிப் போட்டுத் தொங்கும் பிள்ளைகளின் படங்கள். வருகையைப் பிள்ளைகளே குறித்துக்கொள்வார்கள், காலநிலை அட்டவணையில் சூரியனா மேகமா என்று அவர்களே முடிவு செய்வார்கள். ஒவ்வொரு பாட அட்டைக்கும் ஒரு சின்னம், சுவரில் கற்றல் ஏணி. நான் எந்தப் படியில் நிற்கிறேன், அடுத்து எந்த அட்டை என்று பிள்ளைக்கே தெரியும். தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு அதற்குரிய குழுவில் போய் உட்கார வேண்டியதுதான். ஒரு குழுவில் டீச்சர் உதவுவார், இன்னொன்றில் சக பிள்ளைகள், வேறொன்றில் தானே தனக்கு.

இது எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கேதான் எனக்கு உற்சாகம் தலைக்கேறுகிறது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். அதற்குமுன் மாநகராட்சி ஆசிரியர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியை. ஜே. கிருஷ்ணமூர்த்தி உருவாக்கிய பள்ளி அங்கே இருக்கிறது. சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ரிஷிவேலியின் கல்வி வள மையத்தில் பத்மநாப ராவ், ரமா தம்பதி உருவாக்கியதுதான் அந்த அட்டைகளும் ஏணியும். ஒரே ஆசிரியர், பல வகுப்பு, பல வயசு, எப்படிச் சமாளிப்பது என்ற தலைவலிக்கு அவர்கள் கண்ட மருந்து. இப்போது வரைபடத்தை எடுங்கள். மதனப்பள்ளி பழைய சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாகத் தமிழ்நாட்டோடு இணையும்வரை இந்தத் திருத்தணி வட்டாரமும் அதே சித்தூர் மாவட்டம்! ஒரு காலத்தில் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்த ஊரிலிருந்து கிளம்பிய அட்டை, சென்னைக்குப் போய், மாநிலம் சுற்றி, ஆர்.கே.பேட்டைக்கு வந்து சேர்ந்தது.

இன்னும் பின்னால் போனால் கதை இன்னும் ருசி. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி திறந்தது. அதை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்துவிட்டார். நம் திண்ணைப் பள்ளி முறைதான் அது: மணலில் எழுத்து, சட்டாம்பிள்ளை மேற்பார்வை. தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார், உதவி ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். சரி போங்கள் என்று எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார். பையன் பிய்த்து உதறிவிட்டான்! 1797-ல் பெல் இதை லண்டனில் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் பிரிட்டன் பூராவும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழும்பிய பள்ளிக்கு இன்றைக்கும் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. எழும்பூர் மணல் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்! பெல் முறையிலும் ஒப்பிப்பு அதிகம், அதை நான் தலையில் தூக்கிவைத்து ஆடமாட்டேன். ஆனால் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது இரண்டும் படிக்கிறது என்ற சூட்சுமம் நம்மூர்ச் சரக்கு.

மத்தியானம் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு ஓடினேன். ஏழாம் வகுப்பு. பெரிய வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் நாளிலேயே படைப்பாற்றல் கல்வி என்று ஒன்று வந்தது: படித்து அடிக்கோடிடுதல், மனவரைபடம், அப்புறம் குழுவில் தொகுத்தலும் வழங்குதலும். இங்கே சார் அதில் ஒரு மசாலா சேர்த்திருந்தார். பாடம் நெசவு, இந்த ஊருக்குச் சொல்லவா வேண்டும்? வகுப்பை நாலு நாலு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குச் சாயம், ஒருவருக்குக் கஞ்சி போடுதல், ஒருவருக்குப் பாவு, ஒருவருக்கு ஊடை. சாயக்காரர்கள் எல்லாரும் ஒரு மூலைக்குப் போய்த் தங்கள் பகுதியை அலசினார்கள், பாவுக்காரர்கள் இன்னொரு மூலைக்கு. பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்ற மூன்று பேருக்கும் பாடம் எடுக்க வேண்டும். ஒருவர் சொதப்பினால் நாலு பேருக்கும் அந்தப் பகுதி ஓட்டை. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கண்டுபிடித்த முறை இது. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் முதல்முறையாகச் சேர்ந்து படித்த வகுப்புகளில் பகையைக் குறைப்பதற்காக யோசித்தது. அங்கே என்ன பாடமோ தெரியாது, இங்கே கஞ்சி போடுவது பற்றி விவாதம் அனல் பறந்தது. "எங்க தாத்தா அப்படிப் போடமாட்டாரு சார்!" சாரும் புத்தகமும் தாத்தாவிடம் தோற்ற அழகைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் தாத்தாவையே ஒரு நாள் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

வீட்டில் போய் இந்தப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் தெரியுமா? "இன்னிக்கு ஒண்ணும் நடத்தலம்மா, பேசிக்கிட்டே இருந்தோம்." அம்மா கவலைப்படுவார். இதையும் ஆராய்ந்துவிட்டார்கள். 2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் சோதித்தார்கள். தாங்களே கணக்கைப் போட்டு, பேசிப் படித்தவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் நன்றாகக் கற்றோம் என்ற திருப்தி, அழகான சொற்பொழிவைக் கேட்டவர்களுக்கே அதிகம்! கஷ்டப்பட்டுப் படிக்கும்போது படிப்பு ஏறாத மாதிரியே தோன்றும் போலிருக்கிறது. அதற்கு முன்பே, 2014-ல், ஸ்காட் ஃப்ரீமன் குழு கல்லூரி அறிவியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. வெறும் விரிவுரை கேட்ட மாணவர்கள் தேர்வில் தோற்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்றது முடிவு.

சாயங்காலம் கடைசி ஸ்பாட், ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணை. மூன்று பத்தாம் வகுப்புப் பெண்கள். விதி ஒன்றுதான்: ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டு டீச்சராகணும், மற்ற இருவரும் "ஏன்டி?" என்று மட்டுமே கேட்கலாம். மின்தடைப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி நீளமானால் மின்தடை கூடும். "ஏன்டி?" தடித்த கம்பியானால் குறையும். "ஏன்டி?" அங்கே மாட்டிக்கொண்டாள். புத்தகத்தைத் திறக்க அனுமதி கிடைத்தது, ஆனால் அந்த ஒரு பத்திக்கு மட்டும். இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது என்று சொன்னேன், சிரித்தார்கள். 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த சோதனை: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அந்தப் பகுதியில் 56 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள், திரும்பப் படித்தவர்கள் 42. "அப்ப நாங்க பண்றது கரெக்டுதான்னு சொல்லுங்க அண்ணா" என்றாள் மாட்டிக்கொண்டவள். நூற்றுக்கு நூறு கரெக்ட் தாயே!

துள்ளல் போதும், கொஞ்சம் கசப்பும் சொல்லியாக வேண்டும். செயல்வழிக் கற்றல் அட்டைகள் கிழிந்தால் மறு அட்டை வர வேண்டும், ஏணி பிய்ந்தால் ஒட்ட ஆள் வேண்டும். அது நடக்காத இடங்களில் அட்டைத் தட்டு அலங்காரப் பொருளாகிவிட்டது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர், அதில் ஒருவர் எமிஸ் என்ற இணையதள விவரப் பதிவில் தலையைக் கொடுத்தால் மீதி ஒருவர் நரியாகவும் வேண்டும், காக்காவாகவும் வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் நாளைக்கு இதே கதி வரலாம். முறையில் கோளாறு தேடுவதற்கு முன்னால் ஆசிரியர்களை எண்ணிப் பாருங்கள் என்பதே என் தீர்ப்பு. 1888-ல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பெயரில் வருஷா வருஷம் செப்டம்பர் 5 கொண்டாடுகிற நாம், அந்த மண்ணின் பள்ளிகளுக்கு வகுப்புக்கு ஒரு ஆசிரியரையாவது போட்டுத்தரக் கடமைப்பட்டவர்கள்.

ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறிக்கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலி கோன், கழிவு நூல், வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை எதையும் குப்பையில் போடாதீர்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது "இது எதுக்கு டீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டீச்சர் பதில் சொல்லமாட்டார், பிள்ளைகளே சொல்வார்கள். நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.